மாடியில் மிளகாய்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஆவணி வந்தால் தெருவில் தெரிந்த வீடுகளுக்கு மிளகாய் நாற்று கொடுப்பது என் வழக்கம். நாற்று அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுவாரமே போன் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்தான் மாறுவார், கேள்வி மாறாது. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் மதுரைப் பக்கத்து வெயிலையும் மொட்டைமாடியையும் மனதில் வைத்துச் சொன்னவை. மலைப்பகுதியில் இருப்பவர்கள் மாதக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடையில வாங்குன வத்தல்லயே இவ்ளோ விதை இருக்கே, அதப் போட்டா முளைக்காதா?

முளைக்கும். ஆனால் எத்தனை முளைக்கும் என்பது வற்றலின் வயதைப் பொறுத்தது. மிளகாய் விதையைச் சாதாரணமாக வீட்டில் வைத்திருந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. கடை வற்றல் எப்போது பறித்தது, கிட்டங்கியில் எவ்வளவு நாள் கிடந்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது. அதனால் பத்துச் செடி வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி விதையாகப் போடுங்கள். பச்சை மிளகாயைக் கீறி எடுத்த விதை மட்டும் வேண்டாம், அது முற்றியிருக்காது. செடியிலேயே நன்றாகச் சிவந்த பழத்தின் விதைதான் விதை.

இன்னொன்று, முளைத்த செடி தாயைப் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இப்போது சந்தைக்கு வரும் மிளகாயில் வீரிய ஒட்டு ரகங்கள் நிறைய. அவற்றின் விதை அடுத்த தலைமுறையில் பலவிதமாகப் பிரியும்; ஒரு செடி நீளமாகக் காய்க்கும், பக்கத்துச் செடி குட்டையாகக் காய்க்கும். நாட்டு ரகத்தில் இந்த வம்பு குறைவு.

ஆடியிலதான் போடணுமா? இப்பப் போட்டா ஆகாதா?

வேளாண் பல்கலைக்கழகம் மிளகாய்க்குச் சொல்வது மூன்று பருவம்: ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர். மாடித்தோட்டத்துக்கு நான் ஆடியைத்தான் சொல்வேன். ஆடியில் விதைத்து, ஆவணிக் கடைசியில் மாற்றி நட்டால் செடி வேர்பிடித்து நிற்கும்போது வெயிலின் கடுமை தணிந்திருக்கும். ஐப்பசியில் பூ, கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை காய். மழைக்காலத்தில் பையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தையில் போடுவதும் உண்டு. ஆனால் அந்தச் செடி பூக்கிற நேரத்தில் சித்திரை வெயில் வந்து நிற்கும். மொட்டைமாடியில் அது என்ன செய்யும் என்பதைப் பூ உதிர்கிற கேள்வியில் சொல்கிறேன்.

விதை போட்டுப் பத்து நாளாச்சு, ஒண்ணையும் காணோம். தோண்டிப் பாக்கவா?

தோண்டாதீர்கள். நம் சாதாரண ரகங்கள் ஏழு முதல் பத்து நாளில் தலைகாட்டும். பழைய விதையாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் கூடும். காந்தாரி மாதிரிச் சின்ன மிளகாய்களும், காரம் மிக அதிகமான வெளியூர் ரகங்களும் மூன்று நான்கு வாரம் கூட எடுக்கும். கால் அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல், ஈரம் காயாமல், வெதுவெதுப்பான நிழலில் தட்டை வையுங்கள். முளை வந்ததும் வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாற்று வெளிறி, மெலிந்து நெடுநெடுவென்று வளர்ந்துவிடும்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்த நாத்து, காலையில பாத்தா எல்லாம் சாஞ்சு கிடக்கு.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே நூல் போல மெலிந்து, பழுப்பு நிறத்தில் ஊறியிருந்தால் அது நாற்றழுகல் பூஞ்சை. சாய்ந்தது சாய்ந்ததுதான், அதை நிமிர்த்த முடியாது. மீதியைக் காப்பாற்ற தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். நெருக்கமாக விதைப்பதும், ஈரம் அதிகமாவதும், போன முறை பயன்படுத்திய மண்ணையே மறுபடி பயன்படுத்துவதும்தான் இதற்குக் காரணங்கள். விதைக்கும் முன்பு நன்மை செய்யும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா விரிடியோ சூடோமோனாஸோ பிசறி விதைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். இரண்டும் வேளாண் விரிவாக்க மையங்களிலும் உரக்கடைகளிலும் தூளாகக் கிடைக்கும்.

எவ்வளவு பெரிய பை? என்ன மண்ணு?

ஒரு செடிக்கு ஓரடி அகலம், ஓரடி ஆழம் உள்ள பை போதும். காந்தாரி வருடக்கணக்கில் நிற்கும் என்பதால் அதற்கு ஒன்றரை அடி. கலவை ஆளுக்கு ஆள் மாறும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மட்கிய சாணம் அல்லது மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். அலசாமல் போட்டவர்கள்தான் பிறகு இலை ஓரம் கருகுகிறது என்று வருகிறார்கள்.

பையை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கோடையில் சிமெண்டுத் தளத்தின் சூடு அடிவழியாக வேரை வேகவைத்துவிடும். வடிகால் ஓட்டையும் அடைபடாது.

தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன். ஆனாலும் வாடித்தான் நிக்கிது.

மதியம் பன்னிரண்டு மணிக்கு வாடி, சாயங்காலம் தானே நிமிர்ந்தால் கவலை வேண்டாம். வெயிலைச் சமாளிக்கச் செடி செய்துகொள்ளும் வேலை அது. விடியற்காலையிலும் வாடியிருந்தால்தான் பிரச்சினை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் வேர் அழுகுகிறது, நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான் அதைக் கொல்கிறது. மிளகாய் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர விரும்பும் செடி.

நல்ல காரமா வேணும், எந்த ரகம் வைக்கலாம்?

சமையலுக்குத் தினப்படி பச்சை மிளகாய் வேண்டுமென்றால் கோவில்பட்டியில் உருவான கே 1, கே 2, பாலூரின் பி.எல்.ஆர் 1 மாதிரி ரகங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு நான்கைந்து செடி இருந்தால் கடைக்குப் போக வேண்டியதில்லை. குழம்பு வற்றலுக்கு நீளச் சம்பா.

முண்டு மிளகாய் தனி ஜாதி. குண்டாக, தடித்த தோலோடு, பளபளவென்று இருக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக விதைக்கிற பயிர். அந்தக் கரிசலும் காய்ச்சலும் பையில் கிடைக்காது. வரும், ஆனால் சந்தை முண்டு அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். மோர் மிளகாய் போடுவதற்கென்று இரண்டு செடி வைக்கலாம்.

காரம் மட்டுமே முக்கியம் என்றால் காந்தாரி. சின்னதாக, வானத்தைப் பார்த்துக் காய்க்கும். கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் வெள்ளைக் காந்தாரியும் உண்டு. ஒரே ஒரு செடி போதும், தெருவுக்கே கொடுக்கலாம்.

செடி புதர் மாதிரி இருக்கு, கரும்பச்சையா இருக்கு, பூ மட்டும் வரல.

தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிவிட்டது. வாராவாரம் கடலைப்புண்ணாக்குக் கரைசலோ மீன் அமிலமோ ஊற்றுகிறீர்களா? நிறுத்துங்கள். ஒரு மாதம் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அடுப்புச் சாம்பல் இருந்தால் பைக்கு ஒரு ஸ்பூன் தூவலாம், அதில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டு. வெயிலும் பாருங்கள்: ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் விழாத பால்கனியில் மிளகாய் இலையாகத்தான் வளரும்.

பூ நிறைய வருது. ஆனா தொட்டாலே உதிருது.

பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாமல் இருந்தால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. செடி பூவை உதிர்த்துவிடும். சித்திரை, வைகாசியில் மாடியில் நடப்பது இதுதான். மருந்து கிடையாது. 50 சதவீத நிழல்வலை கட்டலாம், மதியத்துக்கு முன்பே வேருக்கு மூடாக்குப் போட்டு ஈரத்தைக் காக்கலாம். செடியை உயிரோடு வைத்திருந்தால் ஆனிக்குப் பிறகு தானாகப் பிடிக்கும்.

கார்த்திகையிலும் உதிர்கிறது என்றால் வேறு காரணம் தேடுங்கள். தண்ணீர் ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்று இருக்கலாம். அல்லது பூவுக்குள் இலைப்பேன் இருக்கலாம். ஒரு பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் தட்டினால் கோடு கோடாக ஊர்வது தெரியும். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளைக் கெடுத்தது பூவுக்குள் கூட்டமாக உட்காரும் ஒரு புதுவகை கறுப்பு இலைப்பேன்தான். மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ வரவில்லையே என்று பலர் கவலைப்படுகிறார்கள். மிளகாய்ப் பூ தன்னிலேயே சேர்ந்துகொள்ளும்; காலையில் கிளையை லேசாக ஆட்டிவிட்டால் போதும். நன்றாகக் காய்த்த செடி கொஞ்சம் பூவை உதிர்ப்பதும் இயல்பு.

இலை எல்லாம் சுருண்டுக்குது. என்ன மருந்து அடிக்கலாம்?

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். உரக்கடையில் போய் "இலைச் சுருட்டு" என்று சொன்னால் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் சுருட்டு என்பது ஒரு நோயின் பெயரே அல்ல. மூன்று வேறு வேறு காரணங்களால் மிளகாய் இலை சுருளும், ஒன்றுக்கு உதவும் மருந்து இன்னொன்றுக்கு உதவாது. அதனால் மருந்தைக் கேட்கும் முன் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள்.

ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, இலை படகு மாதிரி நின்றால் இலைப்பேன். அடிப்பக்கத்தில் வெள்ளி பூசினது போல் பளபளப்பான தழும்பு இருக்கும். இலையை வெள்ளைத் தாளில் தட்டினால் மஞ்சளோ கறுப்போ ஆன பூச்சி ஊரும். காய்ந்த வெயில் காலத்தில் அதிகம். ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, இலை குறுகி, காம்பு மட்டும் எலிவால் போல நீண்டு, தொட்டால் மொடமொடவென்றிருந்தால் அது சிலந்திப்பேன். இதை முரணை என்றும் சொல்வார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி வேண்டும். மழை முடிந்த ஈரப்பதத்திலும் நிழலிலும் பெருகும். மூன்றாவது நச்சுயிரி (வைரஸ்): துளிர் இலைகள் குட்டி குட்டியாக, மஞ்சள் பாய்ந்து, கணு இடைவெளி குறைந்து, நுனி கொத்தாக நிற்கும், செடி வளராது. செடியை ஆட்டினால் வெள்ளை ஈ பறக்கும். நோயைக் கொண்டுவருவது அதுதான். சிலந்திப்பேன் வேறு இந்த வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டே செடிக்குச் செடி போகும். அதனால் இரண்டும் சேர்ந்தே வந்து குழப்புவதும் உண்டு.

இலைப்பேனுக்கு: மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், வாரம் ஒருமுறை. நீல ஒட்டட்டை (பூச்சி ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய அட்டை) தொங்கவிடலாம். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், முகக்கவசம் போட்டுக்கொண்டு. இரண்டுக்குமே கெட்டுப்போன நுனிகளை முதலில் கிள்ளி, பையில் கட்டி, குப்பையில் போட்டுவிட வேண்டும். ஏற்கெனவே சுருண்ட இலை விரியாது. புதுத் துளிர் நேராக வருகிறதா என்பதுதான் சோதனை.

நச்சுயிரின்னா பிடுங்கித்தான் ஆகணுமா? காய் வேற இருக்கு.

பிடுங்கத்தான் வேண்டும். குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. ஒரு செடியின் நாலு காய்க்காகப் பாக்கிப் பத்துச் செடிக்கும் நோயை வைத்திருப்பதில் என்ன லாபம்? இருக்கும் காயைப் பறித்துச் சமைக்கலாம், மனிதருக்கு ஒன்றும் செய்யாது. அடுத்த முறை நாற்றுப் பருவத்திலேயே 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலைக்குள் வளருங்கள். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் வெள்ளை ஈ சுலபமாக நுழைந்துவிடும். நாற்று மாற்றியதும் மஞ்சள் ஒட்டட்டை இரண்டு தொங்கட்டும்.

புளிச்ச மோர், இஞ்சி பூண்டு கரைசல் இதெல்லாம் அடிச்சா போயிரும்னு வீடியோல சொல்றாங்களே?

வாராவாரம் இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி எதை அடித்தாலும் பூச்சி கொஞ்சம் குறையும், வெறும் தண்ணீருக்கே அந்தச் சக்தி உண்டு. இஞ்சி பூண்டு கரைசலுக்குக் கொஞ்சம் விரட்டும் குணம் இருக்கிறது. மோரோ தேமோரோ (தேங்காய்ப்பால் சேர்த்துப் புளிக்கவைத்த மோர்) அடித்துச் செடி செழித்தது என்றால் நான் மறுக்க மாட்டேன். நச்சுயிரி வந்த செடியை மோர் திருப்பிக் கொண்டுவரும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். அந்த வீடியோவில் இருப்பது அநேகமாக இலைப்பேன் பிடித்த செடியாக இருக்கும்.

வேப்பெண்ணெய் அடிச்சேன். மறுநாளே இலை கருகிருச்சு.

என்ன நேரத்தில் அடித்தீர்கள்? எண்ணெய் எதையும் வெயில் இறங்கிய பிறகுதான் அடிக்க வேண்டும். அடுத்து, எண்ணெய் தண்ணீரில் தானாகக் கரையாது. முதலில் எண்ணெயோடு காதி சோப்புக் கரைசலை விட்டுப் பால் மாதிரி வெளுக்கும் வரை குலுக்கி, அதற்குப் பிறகு தண்ணீர் சேருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கலக்கியது போதவில்லை. அந்தப் படலம் விழுந்த இலைதான் கருகும். கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் அடித்தாலும் கருகும். கோடை உச்சியில் கந்தகமே வேண்டாம்.

காய் நுனி கறுத்து அழுகுது.

பச்சைக் காயின் நுனி மட்டும் கறுத்துக் குழிந்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் தண்ணீர் ஒழுங்கில்லாததால். பழுத்த காயில் வட்ட வட்டமாகக் குழி விழுந்து அதற்குள் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பழ அழுகல் பூஞ்சை. அந்தக் காய்களை எடுத்து அப்புறப்படுத்துங்கள், அவற்றிலிருந்து விதை எடுக்காதீர்கள்.

காய் நல்லா வருது, காரமே இல்ல. என் பொண்ணு அப்படியே கடிச்சுத் திங்கிறா.

முதலில் ரகத்தைப் பாருங்கள், பஜ்ஜி மிளகாய் நாற்று கலந்து வந்திருக்கலாம். ரகம் சரி என்றால், காயை நறுக்கி உள்ளே பாருங்கள். காரம் விதையில் இல்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தசையில்தான் காரத்தைத் தரும் கேப்சைசின் சுரக்கிறது; விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் காரமாகத் தெரிகிறது. பிஞ்சில் அது குறைவு. காய் முழு அளவுக்கு வந்து முற்றத் தொடங்கும்போதுதான் ஏறும். நீங்கள் அவசரமாகப் பறிக்கிறீர்களா?

தண்ணீரும் காரணம். கொழுகொழுவென்று நீரும் உரமும் குடித்த செடியைவிடக் கொஞ்சம் காயவிட்ட செடியில் காரம் கூடும். காய் பிடித்த பிறகு, மேல்மண் காய்ந்த பின் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாடி விழும் அளவுக்கு வேண்டாம்.

குடைமிளகாயும் பக்கத்துல வச்சிருக்கேன். அதுவும் காரமாயிருமா?

இந்த வருடம் ஆகாது. பக்கத்துச் செடியின் மகரந்தம் விழுந்தாலும் காயின் சதை தாய்ச் செடியுடையது, மாற்றம் விதைக்குள்தான். அந்த விதையை எடுத்து அடுத்த முறை போட்டால் சுருக்கென்று ஒரு குடைமிளகாய் காய்க்கலாம். விதைக்கு வைக்க வேண்டிய கிளையில் மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பையைக் கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காய்க்கு நூல் அடையாளம் போட்டுவிடுங்கள்.

காய்ச்சு ஓஞ்சிருச்சு. செடியத் தூக்கிப் போட்ரவா?

மிளகாய் உண்மையில் பல வருடம் வாழும் செடி. வயலில்தான் ஒரு போகத்தோடு முடிக்கிறார்கள். சுருட்டு இல்லாத செடி என்றால் ஆனியில் கவாத்து செய்யுங்கள்: தரையிலிருந்து ஓரடி விட்டு, பச்சைக் கணு இருக்கும் இடத்துக்கு மேலே வெட்டி, மேல்மண்ணைக் கிளறித் தொழுவுரம் போட்டால் மறுபடி துளிர்க்கும். சாதாரண ரகத்தில் இரண்டாம் வருடக் காய் கொஞ்சம் சிறுக்கும். காந்தாரிக்கு அந்தக் கணக்கில்லை, நன்றாக வைத்துக்கொண்டால் நாலைந்து வருடம் நிற்கும்.

கரோலினா ரீப்பர் விதை ஆன்லைன்ல வாங்கியிருக்கேன். நம்ம ஊர் வெயிலுக்கு வருமா?

உலகின் மிகக் காரமான மிளகாய்களில் ஒன்று அது. வரும், பொறுமை வேண்டும். முளைக்கும் காலம் முன்பே சொன்னதுதான். வைகாசியிலேயே விதைத்துவிடுங்கள், இவை காய்க்க நம் ரகத்தைவிட ஒன்றிரண்டு மாதம் அதிகம் எடுக்கும். நாகாலாந்தின் ராஜ மிளகாய், அசாமின் பூத் ஜோலோகியா, ரீப்பர் எல்லாம் ஒரே இனம். ஈரப்பதம் பிடிக்கும், மதிய வெயில் பிடிக்காது. நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். பூ உதிர்வும் இவற்றில் அதிகம்.

வாங்கியது ரீப்பர்தானா என்பது காய்த்தால்தான் தெரியும். காரத்தை அளக்க 1912இல் ஸ்கோவில் கண்டுபிடித்த அளவுகோலில் பூத் ஜோலோகியா பத்து லட்சத்தைத் தாண்டி 2007இல் கின்னஸில் ஏறியது. ரீப்பர் 2013இல் அதை வெகுதூரம் முந்தியது. 2023இல் பெப்பர் எக்ஸ் என்ற மிளகாய் சுமார் 26.9 லட்சத்தோடு முதலிடத்துக்கு வந்தது. நம் சாம்பாருக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டால் யாரும் கேட்பதில்லை. வளர்ப்பதாக இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கிளி வந்து பழத்தக் கொத்திட்டுப் போகுது. அதுக்கு உறைக்காதா?

உறைக்காது. பாலூட்டிகளுக்கு எரிகிற அந்த உணர்வு பறவைகளுக்குக் கேப்சைசினால் தூண்டப்படுவதில்லை. பல்லால் அரைக்கும் விலங்கு விதையை நாசமாக்கும்; பறவை முழுதாக விழுங்கி வேறிடத்தில் எச்சமிடும். வேப்பமரத்தடியில் யாரும் வைக்காத காந்தாரி முளைத்து நிற்பது அப்படித்தான். காப்பாற்ற வேண்டுமென்றால் சிவக்கும் முன்பே பறியுங்கள், அல்லது வலை.

மிளகாய் நறுக்குனேன், கை ராத்திரி முழுக்க எரியுது. தண்ணில கழுவக் கழுவக் கூடுது.

கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. முதலில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்மையில் தோல் வெந்துபோகவில்லை. சூட்டை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் கேப்சைசின் திறக்கிறது. அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாய் எரிந்தால் பால் அல்லது தயிர். கண்ணில் பட்டால் எண்ணெய் வேண்டாம், சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவி, எரிச்சல் அடங்கவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

பழத்தப் பறிச்சுக் காயப் போட்டேன், காம்புப் பக்கம் பூஞ்சை பிடிச்சிருச்சு.

பாதி சிவந்த பழத்தைப் பறித்திருப்பீர்கள், அல்லது இரவில் மாடியிலேயே விட்டிருப்பீர்கள். செடியிலேயே சிவந்து லேசாகத் தோல் சுருங்கத் தொடங்கிய பழமாகப் பறியுங்கள். வெயில் இறங்கியதும் உள்ளே எடுத்துவிடுங்கள், பனி படக்கூடாது. குலுக்கினால் விதை கலகலவென்று ஆட வேண்டும், காம்பை ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். பூஞ்சை கண்டதைத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

மழை நாளில் பழமாகக் காத்திருக்காமல் பச்சையாகவே பறித்து மோர் மிளகாய்க்கு வைத்துக்கொள்ளலாம். முண்டோ தடித்த தோல் மிளகாயோ எடுத்து, காம்பைக் கிள்ளாமல் ஓரத்தில் கீறி, கல்லுப்புப் போட்ட கெட்டிப் புளித்த மோரில் ஊறவிடுங்கள். மறுநாள் மிளகாயை மட்டும் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றும் வரை இப்படியே செய்து, கடைசியில் நன்றாகக் காயவைத்து டப்பாவில் அடையுங்கள்.